மதுரைக்கு இரண்டு நாள்: அத்தையின் முழங்காலும் பதினோரு இடங்களும்

கேள்வி: தக்கலையில் இருந்து எழுதுகிறேன். என் மாமியாருக்கு 68 வயது, முழங்கால் வலி. கல்யாணமான புதிதில் மதுரை மீனாட்சியைப் பார்த்ததோடு சரி, இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கணவருக்குச் சனி, ஞாயிறுதான் லீவு. அவரோ திருமலை நாயக்கர் மகால், அழகர்கோயில், திருப்பரங்குன்றம், சமணர் மலை, கீழடி, கொடைக்கானல் என்று பதினோரு இடங்களை எழுதி வைத்திருக்கிறார். பிள்ளைகள் எட்டாம் வகுப்பும் நான்காம் வகுப்பும். காரில் போவதா, ரயிலிலா? எதைப் பார்ப்பது, எதை விடுவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கொடைக்கானலை அடித்துவிடுங்கள். மதுரையில் இருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல், அதில் ஒரு பகுதி மலைப்பாதை. உங்களிடம் இருக்கும் இரண்டு நாளில் ஒன்றை அது விழுங்கிவிடும்.

இனி என் கதை ஒன்று. பல வருடங்களுக்கு முன் என் அம்மாவை மதுரைக்குக் கூட்டிப்போனேன். வழியில் அங்கே இங்கே இறங்கிவிட்டு, கோயில் வாசலுக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்று. நடை சாத்தியாகிவிட்டது. மூன்று மணிக்குத் திரும்பும் ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். அம்மா கிழக்குக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "கோபுர தரிசனம் கோடி புண்ணியம்தானே, வா போகலாம்" என்றார். அதற்குப் பிறகு அவரை மதுரைக்குக் கூட்டிப்போக எனக்கு வாய்க்கவில்லை. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இத்தனை அக்கறையாக எழுதுகிறேன்.

மீனாட்சியம்மன் கோயில் நடை மதியம் பன்னிரண்டரை வாக்கில் சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும். மதுரைப் பயணத்தை இந்த இடைவேளையைச் சுற்றித்தான் திட்டமிட வேண்டும். அந்த நேரம் உங்களுக்கு நஷ்டமில்லை, அத்தை சாப்பிட்டுக் காலை நீட்டிப் படுக்கும் நேரம் அது.

கார் வேண்டாம், ரயிலில் போங்கள். நாகர்கோவிலில் இருந்து சாலையில் ஏறத்தாழ 240 கி.மீ. நான்குவழிச் சாலைதான் என்றாலும், முழங்கால் வலி உள்ளவர் நாலைந்து மணி நேரம் காலை மடக்கியே உட்கார்ந்திருக்க வேண்டும். ரயிலில் எழுந்து நாலு அடி நடக்கலாம், கழிவறைக்குப் போகலாம். அதைவிட முக்கியமான காரணம், மதுரை ஜங்ஷன் கோயிலில் இருந்து ஒரு கிலோமீட்டர்தான். பேருந்தில் போனால் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஊருக்குள் வர வேண்டியிருக்கும். உங்களுக்கு இரணியல் ஸ்டேஷன் பக்கம் என்றாலும் நாகர்கோவிலில் ஏறினால் ரயில்கள் அதிகம். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, வார இறுதி இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அறையை ஸ்டேஷனுக்கும் கோயிலுக்கும் நடுவில், டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் எடுங்கள். லிப்ட் இருக்கிறதா, கழிவறை மேற்கத்திய முறையா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். அறை எவ்வளவு அழகு என்பதை விட இவை இரண்டும்தான் அத்தைக்கு முக்கியம்.

சனிக்கிழமை மதியத்துக்குள் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, படுத்து எழுந்து, மூன்று மணி வாக்கில் மகாலுக்கு ஆட்டோவில் போங்கள். ஐந்து மணிக்குள் மூடிவிடுவார்கள். தக்கலைக்காரர்களுக்கு அரண்மனை என்றாலே பத்மநாபபுரம்தான்: தாழ்ந்த கூரை, எங்கும் மரம், கறுப்பாக மினுங்கும் தரை. அது 1601 வாக்கில் தொடங்கியது, இது 1636. ஏறத்தாழ ஒரே காலம்தான், ஆனால் இங்கே ஒரு ஆளால் கட்டிப்பிடிக்க முடியாத சுதைத் தூண்கள், தலைக்கு மேலே வெகு உயரத்தில் வளைவுகள். இன்று நிற்பது பழைய அரண்மனையில் நாலில் ஒரு பங்குதான் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். இன்னொன்றும் சொல்லுங்கள். நம் ஊர் வில்லுப்பாட்டில் வரும் வேணாட்டுத் தளபதி இரவிக்குட்டிப் பிள்ளை, நாகர்கோவில் பக்கத்துக் கணியாகுளத்தில் போரிட்டு உயிர்விட்டது இந்தத் திருமலை நாயக்கரின் படையோடுதான். இந்தக் கதையைச் சொல்லும் வேலையை உங்கள் கணவரிடம் கொடுங்கள். பட்டியல் போடும் ஆர்வம் உள்ளவருக்கு அது பிடிக்கும்.

மகாலில் இருந்து நேராகக் கோயிலுக்குப் போகலாம். சித்திரை வீதிகளில் வண்டி விடமாட்டார்கள், கொஞ்சம் நடக்கத்தான் வேண்டும். 2018-ல் நடந்த தீ விபத்துக்குப் பிறகு செல்போனை உள்ளே கொண்டுபோக முடியாது. அதனால் நுழைவதற்கு முன்பே, பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று பேசிக்கொள்ளுங்கள். முக்குறுணி விநாயகர் சன்னதி நல்ல அடையாளம், அத்தனை பெரிய பிள்ளையாரை யாரும் தவறவிட முடியாது. சுசீந்திரம் போல ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டியதில்லை, ஆனால் அரைக்கால் சட்டை கூடாது.

மதுரையில் அம்மனுக்குத்தான் முதல் கும்பிடு. தரிசனம் முடிந்ததும் அத்தையைப் பொற்றாமரைக் குளத்தங்கரையில் உட்கார வையுங்கள், அவருக்குத் துணையாக ஒருவர் இருக்கட்டும். மற்றவர்கள் ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். எண்ணினால் 985 தூண்தான் என்கிறார்கள். சின்னவர் எண்ணிப் பார்க்கட்டும்.

பிள்ளைகளிடம் அந்தக் கோயிலுக்குள் நின்றே சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. நம் பகுதி திருவிதாங்கூரில் இருந்தபோது, 1936 நவம்பர் 12-ல்தான், சாதி பார்க்காமல் இந்துக்கள் எல்லோரையும் கோயிலுக்குள் விடும் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. மதுரையில் அதற்கும் பிறகு, 1939 ஜூலை 8-ல், காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டவர்களும் நாடார்களும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார்கள். உங்கள் அத்தையின் பாட்டி இளம்பெண்ணாக இருந்த காலம் அது. இன்று நாம் வரிசையில் சாதாரணமாக நிற்கிறோமே, அந்த வரிசைக்கு அவ்வளவுதான் வயது.

அத்தைக்குத் தெம்பு இருந்தால் நடை சாத்தும்வரை இருங்கள். இரவில் சுந்தரேசுவரர் பல்லக்கில் அம்மன் சன்னதிப் பள்ளியறைக்கு எழுந்தருளுவார். மேளமும் தூபப் புகையும் மல்லிகை வாசமுமாக அந்தப் பிராகாரம் இருக்கும் கோலத்தைப் பகலில் வந்து போகிறவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். முடியவில்லை என்றால் அறைக்குத் திரும்பிவிடுங்கள், அதிகாலையில் திரும்பவும் போய்க்கொள்ளலாம். இரவு இட்லிக்கு நான்கு விதச் சட்னியோடு கடைகள் வெகுநேரம் திறந்திருக்கும். பிள்ளைகளுக்கு ஜிகர்தண்டா. பெரியவர்களுக்குப் பருத்திப்பால் தொண்டைக்கு இதம்.

ஞாயிறு காலைக்கு ஒரே ஒரு இடம், கீழடி. ஊரில் இருந்து 12 கி.மீ. போல. 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகம் திறந்தார்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை போகும் ஊர் அது. பானை ஓட்டில் 'ஆதன்' என்று யாரோ கீறி வைத்த பெயரையும், விளையாடிய பகடைக்காயையும் எட்டாம் வகுப்புக்காரர் கண்ணால் பார்க்கட்டும். அத்தைக்கு அலுப்பாக இருந்தால் நீங்களும் அவரும் அறையிலேயே இருந்துவிட்டு, புது மண்டபத்தை வெளியிலிருந்து பார்த்து, ஒரு சுங்குடிச் சேலை எடுத்துக்கொண்டு வரலாம். அழகர்கோயிலும் திருப்பரங்குன்றமும் சமணர் மலையும் எங்கும் போய்விடாது. கணவரின் பட்டியலைக் கிழிக்காதீர்கள், அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

ஞாயிறு மதியம் தாண்டிப் புறப்படும் ரயிலைப் பிடித்தால் இரவு வீடு வந்துவிடலாம், பிள்ளைகள் திங்கட்கிழமை பள்ளிக்குப் போகலாம். டிக்கெட் எடுப்பதற்கு முன் அத்தையிடம் ஒன்று கேளுங்கள்: முதல் தடவை போனபோது எந்த வாசல் வழியாக உள்ளே போனார், யாரோடு போனார் என்று. அவருக்கு நினைவிருந்தால் அதே வாசல் வழியாகக் கூட்டிப்போங்கள்.