உரிமைத் தொகை: செலவுக்கா, சேமிப்புக்கா?

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியதிலிருந்து, மாதாமாதம் வரும் இந்த 1,000 ரூபாயை என்ன செய்வது என்று கேட்டு வரும் கடிதங்கள் குறையவே இல்லை. அவற்றில் சில:

5 வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கியிருக்கிறேன். கடனைக் கட்டவா, போஸ்ட் ஆபீஸில் போடவா?

கடனைக் கட்டுங்கள். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் என்றால் வருடத்துக்கு 60 சதவீதம். போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) தருவது 6.7 சதவீதம்தான். முதல் மாதம் கட்டும் ஆயிரத்தில் 500 வட்டிக்கே போய்விடும். மீதி 500-ஐ அசலில் கழித்தால் அடுத்த மாத வட்டி 475. இப்படியே போனால் பதினைந்தாவது மாதம் கடன் தீரும். 'அசலை மொத்தமாகத்தான் வாங்குவேன்' என்று அடம்பிடிக்கும் வட்டிக்காரர்கள் உண்டு. (அவர்களுக்கு வட்டிதானே வருமானம்!) அப்படியானால், கம்மலோ மோதிரமோ இருந்தால் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து அவர் கணக்கை முடித்துவிடுங்கள், ஆயிரத்தை இனி வங்கியில் கட்டலாம். முடிக்கிற அன்றே புரோநோட்டைக் கையோடு திரும்ப வாங்க மறக்காதீர்கள்.

கடன் இல்லை. ஆர்.டி. போட்டால் ஐந்து வருடத்தில் எவ்வளவு வரும்?

மாதம் 1,000 கட்டினால் மொத்தம் 60,000. இப்போதைய வட்டிக்குக் கையில் கிடைப்பது ஏறக்குறைய 71,300. ஆனால் மூன்று வருடத்துக்குள் கணக்கை மூட முடியாது. ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டியிருந்தால், கட்டியதில் பாதி வரை கடனாக எடுக்கலாம். அதனால் முழு ஆயிரத்தையும் போடாதீர்கள். 500-க்கு ஆர்.டி. போட்டுவிட்டு, மீதியை அவசரத்துக்குக் கணக்கிலேயே விடுங்கள்.

நகைச் சீட்டு சேரலாமா?

மகள் கல்யாணத்துக்கு எப்படியும் நகை வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் சரி. ஆனால் அதைச் சேமிப்பு என்று சொல்ல மாட்டேன். பணமாகத் திருப்பித் தர மாட்டார்கள். செய்கூலி, சேதாரம் எவ்வளவு என்பதை முதலிலேயே கேளுங்கள்.

ஒன்றாம் தேதி வாங்கிய மளிகை பதினைந்தோடு தீர்ந்துவிடுகிறது. தொகை முழுவதும் அதற்கே போகிறது. தப்பா?

தப்பே இல்லை. வீட்டுக்காகத்தான் அந்தப் பணம். பருப்பும் எண்ணெயும் வாங்காமல் சேமித்துவிட்டு அண்ணாச்சி கடையில் கடன் சொல்வதில் என்ன லாபம்? ஒன்று மட்டும் செய்யுங்கள்: வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் சேருங்கள். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும்.

மினிமம் பேலன்ஸ் இல்லை என்று வங்கியில் பிடித்துக்கொள்கிறார்கள்.

உங்கள் கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள். அதில் ஒரு பைசா இருப்பு இல்லாவிட்டாலும் அபராதம் பிடிக்கக் கூடாது.

ஏ.டி.எம். கார்டு வீட்டுக்காரரிடம் இருக்கிறது. எடுத்ததே எனக்குத் தெரிவதில்லை.

எந்த யோசனைக்கும் முன்னால், கார்டை வாங்கி, அதன் ரகசிய எண்ணை (PIN) மாற்றுங்கள். கொடுக்க மறுத்தால், கார்டை முடக்கச் சொல்லி வங்கியில் நேரில் எழுதிக் கொடுங்கள். கணக்கில் இருப்பது உங்கள் செல் நம்பர்தானா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.