கிரில் பீடிங் ஒரு முனையில் தூக்கி நிற்பது: முதலில் தகட்டைப் பாருங்கள்

குளச்சலில் உள்ள உங்கள் பழைய அம்பாசடர் காரின் முன்பக்கக் கிரில்லில் புதிதாகப் பொருத்திய குரோம் பீடிங் (அலங்கார உலோகப் பட்டை) வலது முனையில் தூக்கி நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள். திருகை முறுக்கி அதைப் படிய வைக்க முயல வேண்டாம். எல்லாத் திருகுகளையும் தளர்த்திவிட்டு, நடுவிலிருந்து தொடங்கி இரு முனைகளையும் நோக்கி மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

அப்படியும் இடைவெளி மறையாவிட்டால், புதிய பீடிங்கைவிட அது அமரும் தகட்டையே நான் சந்தேகிப்பேன். பழைய அம்பாசடர்களில் முன்பக்கம் எப்போதோ இடிபட்டு, டிங்கரிங் செய்து (தகட்டைத் தட்டி நிமிர்த்தி) பட்டி எனும் நிரப்புப் பசை பூசப்பட்டிருப்பது மிகச் சாதாரணம். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைத் திருகுத் துளைகளை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். எங்கே அதன் பிடி தளர்கிறதோ, அங்கே பட்டி தடித்திருக்கிறது. அந்த இடத்தை மட்டும் தேய்த்துச் சமன்செய்தால் போதும்.

பீடிங்கை வளைத்துப் பொருத்தினால் குரோம் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழும். நிக்கலின் மேல் படிந்த மிக மெல்லிய பூச்சு அது; குளச்சல் கடற்காற்றின் உப்பு அவ்வெடிப்புகளின் வழியே இறங்கி, அடியிலுள்ள இரும்பைத் துருவாக்கிவிடும். வளைக்காமல் பொருத்துவதற்காகத் தகட்டின் திருகுத் துளையைப் பெரிதாக்க நேர்ந்தாலும், வெளிப்பட்ட விளிம்பில் பிரைமர் (அடிப்பூச்சு) பூசி, அது நன்கு காய்ந்த பிறகே ரப்பர் வாஷருடன் திருகைப் போடுங்கள்.