தீயணைக்கப் போனால் வழக்கு வருமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோடை தொடங்கியதும் கூரைத் தீ, காட்டுத் தீ பற்றிய கடிதங்கள் குவிகின்றன. பெரும்பாலானவற்றில் தீயைவிடக் காவல் நிலையத்தைப் பற்றிய அச்சமே மிகுதி.

எங்கள் தெருவில் ஒரு கூரை வீடு எரிந்தபோது, தீ பரவாதிருக்க அடுத்த வீட்டுக் கூரையை நான்கு பேர் சேர்ந்து பிரித்துப் போட்டோம். அந்த வீட்டுக்காரர் இப்போது புகார் கொடுத்திருக்கிறார். சிறைக்குப் போக நேருமா? (கடலூர் மாவட்ட வாசகர்)

உங்கள் நிலைமையைச் சட்டமே உதாரணமாக எழுதிவைத்திருக்கிறது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 81-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 19-ஆம் பிரிவாகத் தொடரும் விதி அது. பெருந்தீ பரவாமல் தடுப்பதற்காக, உயிரையோ உடைமையையோ காக்கும் நல்லெண்ணத்துடன் வீடுகளை இடித்தவர், தடுக்க முயன்ற ஆபத்து அந்தச் செயலை மன்னிக்கத்தக்க அளவுக்குக் கடுமையாகவும் உடனடியாகவும் இருந்திருந்தால், குற்றவாளி அல்லர். ஆனால் விதிவிலக்கைக் கோருபவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும். ஆகவே காற்று எந்தப் பக்கம் வீசியது, இரண்டு கூரைகளுக்கும் இடைவெளி எத்தனை அடி, 101-க்கு எப்போது அழைத்தீர்கள் என்பவற்றை இன்றே எழுதி, பார்த்தவர்களின் பெயர்களையும் குறித்துவையுங்கள். கைப்பேசியின் அழைப்புப் பதிவை அழித்துவிடாதீர்கள். அவர் இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்குத் தொடுத்தால் அது வேறு விவகாரம். அங்கும் இதே சான்றுகள்தாம் உங்களுக்குக் கைகொடுக்கும்.

உதவுவோரைப் பாதுகாக்கும் 134ஏ பிரிவு எல்லாத் தீ விபத்துகளுக்கும் பொருந்தும்தானே? (சேலம்)

பொருந்தாது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட அந்தப் பிரிவு, மோட்டார் வாகன விபத்தில் சிக்கியவருக்கு உதவுபவரை மட்டுமே உரிமையியல், குற்றவியல் நடவடிக்கை இரண்டிலிருந்தும் காக்கிறது. விபத்துக்குள்ளாகி எரியும் பேருந்திலிருந்து ஒருவரை இழுத்துப் போட்டால் பாதுகாப்பு உண்டு. எரியும் வீட்டிலிருந்து இழுத்துப் போட்டால் இந்தப் பிரிவு வராது. அங்கே சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவு, அதாவது பழைய 92, துணைக்கு வரும். தீப்பிடித்த வீட்டின் மேலிருந்து, கீழே கம்பளியை விரித்துப் பிடித்திருப்பவர்களை நோக்கிக் குழந்தையைப் போடுபவர், அதன் நன்மையையே கருதிச் செய்திருந்தால், குழந்தை இறந்தாலும் குற்றம் செய்தவராகார் என்று அதன் உதாரணம் கூறுகிறது. எனினும் உரிய கவனமின்றிச் செய்த எதையும் சட்டம் நல்லெண்ணமாக ஏற்பதில்லை என்பதை மறவாதீர்கள்.

என் பைக்கில் சைரன் பொருத்திக்கொண்டு தீ நடந்த இடத்துக்கு விரையலாமா?

கூடாது. வழியில் யார் மீதாவது மோதினால், தீயணைக்கப் போனேன் என்பது விடையாகாது.

நான் பேரிடர்த் தன்னார்வலர்களுக்கான ‘ஆப்த மித்ரா’ பயிற்சி பெற்றவன். மாவட்ட நிர்வாகம் அழைத்துப் போகும்போது பாதுகாப்பு உண்டா?

உண்டு. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் 73-ஆம் பிரிவு, அரசுக்காகப் பணியாற்றும் எவரையும், நல்லெண்ணத்துடன் செய்த பணிக்காக வழக்கிலிருந்து காக்கிறது. அழைத்த செய்தியைச் சேமித்துவையுங்கள்.

எங்கள் அடுக்குமாடிச் சங்கம் தீயணைப்புத் தன்னார்வக் குழு அமைத்து, “எனக்கோ என்னால் பிறருக்கோ எது நேர்ந்தாலும் முழுப் பொறுப்பும் என்னுடையது” என்று முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறது. போடலாமா? (சென்னை)

போடாதீர்கள். ஆண்டுதோறும் இதே தாள் வெவ்வேறு சங்கங்களின் பெயரில் வந்துகொண்டேயிருக்கிறது. நல்ல மனதோடு முன்வரும் இளைஞர்களை இப்படி நடத்துவதை என்னால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. அண்மையில் நான் படித்த ஒரு தாளில், மூன்று பக்கங்களுக்குப் பொறுப்புத் துறப்பு இருந்தது; பயிற்சி பற்றியோ காப்பீடு பற்றியோ ஒரு வரி இல்லை. அத்தகைய ஒப்பந்தம் அதில் கையெழுத்திட்டவர்களைத்தான் கட்டுப்படுத்தும். காயம்பட்ட மூன்றாவது நபர் சங்கத்தின் மீது வழக்குத் தொடுப்பதை அது தடுக்காது. ஆனால் சங்கம் இழப்பீடு கொடுக்க நேர்ந்தால், அந்தத் தொகையை உங்களிடமிருந்து வாங்குவதற்கு அதே தாளை நீட்டும். மேலும், தீயணைப்பான்களை உரிய காலத்தில் நிரப்புவதும், மாடிப்படிகளில் சைக்கிளும் பழைய கட்டிலும் கிடக்காமல் பார்த்துக்கொள்வதும் கட்டடத்தை நிர்வகிப்பவரின் கடமை. ஒரு குழு அமைத்ததால் அந்தக் கடமை உங்கள் தோளுக்கு மாறிவிடாது.

கையெழுத்துக்குப் பதிலாக நீங்கள் கேட்க வேண்டியவை வேறு: தீயணைப்பு நிலையத்தாரை அழைத்துப் பயிற்சி, உறுப்பினர்களின் பெயர்ப்பட்டியலுடன் ஒரு தீர்மானம், குழுவுக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு. குறைந்தபட்சம், வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயதுக்குட்பட்டோர் ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் வரை பெறக்கூடிய பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்திலாவது அனைவரையும் சேர்க்கட்டும். அதற்கும் மனமில்லாத சங்கத்துக்குத் தன்னார்வலரைக் கேட்கும் உரிமை இல்லை.

மலையடிவாரத்தில் காட்டுத் தீ வந்தால், அதன் பாதையிலுள்ள சருகுகளை முன்கூட்டியே எரித்துவிடும் எதிர்த்தீ வைத்துத் தடுக்கலாமா? (தேனி)

வனத்துறையினர் உடனிருந்து சொன்னாலன்றி வைக்காதீர்கள். காப்புக்காட்டில் அனுமதியின்றித் தீ மூட்டுவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீ 20-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததை அறிந்த மாவட்டத்தார், மலைச்சரிவில் காற்றோடு தீ ஏறும் வேகத்தைக் குறைத்து மதிப்பிடலாகாது.

கடையில் தீ. தண்ணீர் ஊற்றினோம். ஒருவருக்கு ஷாக் அடித்தது. யார் பொறுப்பு?

மெயின் சுவிட்சை அணைத்தீர்களா, யார் ஊற்றச் சொன்னது, அடிபட்டவர் நிலை என்ன? மூன்றும் உங்கள் கடிதத்தில் இல்லை. பொறுப்பு அவற்றைப் பொறுத்தே அமையும் என்பதால், விவரங்களுடன் மீண்டும் எழுதுங்கள்.

பூட்டிய வீட்டின் கதவை உடைத்துத் தீயை அணைத்தோம். இப்போது நகை காணவில்லை என்கிறார்கள். (மதுரை)

கதவை உடைத்ததற்கு 19-ஆம் பிரிவு பதில் சொல்லும்; நகைக்குச் சொல்லாது. உள்ளே சென்றவர்கள் யார், கடைசியாக வெளியேறியவர் யார் என்பதைத் தீயணைப்பு நிலைய அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, அவர்களது சம்பவ அறிக்கையின் நகலுக்கு விண்ணப்பியுங்கள். காவல் நிலையத்தில் கேட்கும் வெற்றுத்தாளில் கையெழுத்திட வேண்டாம். இனி இப்படி நேர்ந்தால், தீ அணைந்தவுடன் அனைவரும் வெளியே வந்து, வீட்டுக்காரரோ அலுவலரோ வரும்வரை வாசலில் இருவரை நிறுத்துங்கள்.