குட்டை காலிஃபிளவர்: செடி இலையாகவே நிற்கிறது, பூ வரவில்லை. என் கைராசிதான் காரணமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாகர்கோவிலில் வீட்டுக்குப் பின்னால் அரை செண்டு இடம். சித்திரைக் கடைசியில் குட்டை காலிஃபிளவர் விதை போட்டிருக்கிறீர்கள். இப்போது ஆவணி. செடி முழங்கால் உயரத்துக்கு இலையாக நிற்கிறது, நடுவில் பூ இல்லை. உங்கள் மாமியார், "ஒனக்க கைராசி அப்படி" என்கிறார்.

கடைசி வரி இல்லையென்றால் நான் பதில் எழுதியிருக்க மாட்டேன். அந்தப் பேச்சை நானும் கேட்டவள். என்னிடம் சொன்னது என் நாத்தனார். அவர் (என் வீட்டுக்காரர்) போய் இரண்டு வருடம்கூட ஆகாத நேரம் அது. "ஒனக்க கைக்குப் பூ பிடிக்காதுட்டி, பிள்ளைகளக் கொண்டு நட வை" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், சொல்லிவிட்டுக் காப்பியும் குடித்துவிட்டுப் போனார். எனக்குப் பத்து நாள் தோட்டத்துப் பக்கம் போக மனம் வரவில்லை. பெரியவர்கள் சொல்வதில் எல்லாம் ஒரு அர்த்தம் இருக்கும் என்று இங்கே யாராவது எழுதுவீர்கள் என்று தெரியும். பெரியவர்களை நானும் மதிக்கிறேன். ஆனால் காலிஃபிளவர் பூப்பதற்குத் தேவை குளிர். நட்டவளின் நெற்றியில் பொட்டு இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை.

நான் விவசாயம் படித்தவள் இல்லை. அம்மா வீடு பூதப்பாண்டிப் பக்கம், கட்டிக்கொடுத்தது தக்கலைப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் இரண்டு செண்டு. அதில் நான் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதல் வருடம் உங்களைப் போலவேதான். ஆன்லைனில் 50 விதை உள்ள ஒரு பாக்கெட் வாங்கினேன். "குட்டை ரகம், சிறு தோட்டத்துக்கு ஏற்றது" என்று போட்டிருந்தது. வைகாசியில் விதைத்தேன். மழை பிடித்ததும் பாதி நாற்று தண்டு அழுகிச் சாய்ந்தது. மிச்சம் இருந்தது இலையாகவே வளர்ந்தது. அடுத்த வருடம் மாதம்தான் தப்பு என்று நினைத்து, மீதி விதையை ஐப்பசியில் போட்டேன். மாசி வரைக்கும் தண்ணீர் விட்டேன். இலைதான்.

அப்புறம்தான் தம்பி மகன் அந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துச் சொன்னான். அதில் சின்ன எழுத்தில் எர்ஃபர்ட் என்று இருந்தது. எர்ஃபர்ட் ஜெர்மனியில் ஒரு ஊர். 18-ஆம் நூற்றாண்டில் அங்கே கிறிஸ்டியன் ரைகார்ட் என்பவர் காலிஃபிளவர் பயிரைப் பெரிதாக வளர்த்தெடுத்தார். அந்த ஊர்க் குட்டை ரகத்தின் வழியில்தான் பிறகு ஸ்னோபால் என்கிற குளிர்கால வகைகள் வந்தன. தண்டு குட்டை, இலை நெருக்கம், பூ தரையோடு உட்காரும், இடம் குறைவாகப் பிடிக்கும். அது உண்மைதான். ஆனால் 10 முதல் 16 டிகிரிக் குளிர் சில வாரம் கிடைத்தால்தான் இலையை நிறுத்திவிட்டுப் பூவுக்குத் திரும்பும். நம் ஊரில் மார்கழி இரவிலும் 20-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். அந்தச் செடிக்குப் பூக்கச் சொல்லி யாருமே சொல்லவில்லை, அது பாட்டுக்கு இலை விட்டுக்கொண்டிருக்கிறது. உங்கள் செடியும் அதைத்தான் செய்கிறது என்று நினைக்கிறேன். குட்டை என்பது செடியின் அளவு. வெயில் தாங்குமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விற்பவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். இது எனக்குப் பெரிய கோபம். பாக்கெட்டில் பூவின் படம் அத்தனை பெரிதாகப் போடத் தெரிகிறது, எந்த மாதம், எந்த ஊருக்கு என்று ஒரு வரி போடக் கூடாதா?

காலிஃபிளவர் 1822-இல் இங்கிலாந்திலிருந்து வடக்கே சகாரன்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தோட்டத்துக்கு வந்த பயிர். வடநாட்டு விவசாயிகள் வருடா வருடம் விதை பிடித்துப் பிடித்து, அந்த ஊர்ச் சூட்டிலும் மழையிலும் பூக்கிற வகையை உண்டாக்கினார்கள். அந்த வழியில் வந்த முன்பருவ ரகங்கள் 20 முதல் 27 டிகிரியிலேயே பூ பிடிக்கும். டில்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா மேக்னா அப்படிப்பட்டது. நமக்கு வேண்டியது அந்த மாதிரி ரகம். செடி ரொம்பப் பெரிதாகாது, ஒன்றரை அடி இடைவெளி போதும், அரை செண்டில் தாராளமாக வைக்கலாம்.

மூன்றாம் வருடம் சரியான விதை வாங்கினேன். புரட்டாசியில் குழித்தட்டில் தேங்காய்நார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, குழிக்கு ஒரு விதை போட்டேன். விதையைக் கடுகோடு கலந்துவிட்டால் பிரிக்க முடியாது, இரண்டும் ஒரே குடும்பம். அஞ்சாம் நாள் இருதய வடிவத்தில் இரண்டிரண்டு இலையாக எழும்பி நின்றது. பார்க்கவே ஆசையாக இருந்தது. இருபதாம் நாள் மகளுக்கு வலி எடுத்துவிட்டது. திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரி. அறுவை, பிறகு குழந்தைக்கு மஞ்சள் காமாலை, இப்படியே நான்கு வாரம். பக்கத்து வீட்டுப் பிள்ளை தினமும் தண்ணீர் விட்டாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

திரும்பி வந்து பார்த்தபோது நாற்றுக்கு 48 நாள். தண்டு குச்சி மாதிரி விறைத்திருந்தது. இலையின் அடிப்பக்கம் கத்தரிப்பூ நிறம். குழியிலிருந்து தூக்கினால் வேர் வெள்ளை நூல்கண்டு மாதிரி அதே குழி வடிவத்தில் சுற்றிக் கிடந்தது. மனசு கேட்காமல் எல்லாவற்றையும் நட்டேன். மூன்றே வாரத்தில், செடியில் ஏழெட்டு இலைதான், நடுவில் பூ வந்துவிட்டது. நெல்லிக்காய் அளவு. அதற்கு மேல் ஒரு இம்மி வளரவில்லை. நாத்தனார் வந்து பார்த்தது அந்த நெல்லிக்காய்களைத்தான்.

காரணம் இப்போது தெரியும். சின்னக் குழியில் பசியோடு காத்திருந்த நாற்று, இலை சேர்ப்பதற்கு முன்னாலேயே பூவுக்குப் போய்விடும். பூவுக்குச் சோறு போடுவது இலை. ஏழு இலை எவ்வளவுதான் போடும்? நாற்றை 25 நாளில், தப்பினால் 30 நாளில் நட்டுவிட வேண்டும். நடுகிற வேலைக்கு ஆள் இல்லை என்றால் விதைக்கவே விதைக்காதீர்கள்.

நான்காம் வருடம் 24 நாற்று நட்டேன், 17-இல் பூ எடுத்தேன். பெரியது 600 கிராம். வடசேரிச் சந்தையில் இதைவிடப் பெரிய பூ மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, வாங்கிச் சாப்பிடுங்கள். ஊட்டியில் சும்மா வருகிறதே என்றும் கேட்பார்கள். ஊட்டியில் வரும். கேள்வி நாகர்கோவிலைப் பற்றியது.

மண்ணைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம் மேற்குப் பக்கத்துச் செம்மண் புளிப்பு மண். என் செடிகள் சிலவற்றில் நடு இலை அகலமாகாமல், நடுநரம்பு மட்டும் சாட்டைவால் மாதிரி நீண்டது. புளிப்பு மண்ணில் மாலிப்டினம் என்ற சத்து செடிக்குக் கிடைக்காமல் போவதால் வருவது அது. நடுவதற்கு மூன்று வாரம் முன்பே சுண்ணாம்பு தூவிக் கிளறிப் போட்டபின் அடுத்த முறை வரவில்லை. தொழுவுரம் நிறையப் போடுங்கள். நட்ட மூன்றாம் வாரமும் ஐந்தாம் வாரமும் கடலைப் புண்ணாக்கு ஊறிய தண்ணீர் விட்டேன். பாத்தியை ஒரு முழம் உயர்த்திக் கட்டுங்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் வேர் ஒரு நாள் தண்ணீரில் நின்றாலும் போச்சு.

முன்பெல்லாம் எங்கள் பின்பக்கம் தண்ணீர் நின்றதே இல்லை. கிழக்கே வயல். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த வயல். எவ்வளவு மழை பெய்தாலும் அங்கே இறங்கி ஓடைக்குப் போய்விடும். ஆறு வருடத்துக்கு முன் லாரி லாரியாக மண்ணடித்து, எங்கள் மதில் உயரத்துக்கு மேடாக்கி, கல் நட்டுப் பிளாட் போட்டுவிட்டார்கள். ஓடையையும் சேர்த்து மூடிவிட்டார்கள். எழுதிக் கொடுக்க வேண்டிய இடத்தில் எல்லாம் எழுதிக் கொடுத்தேன், ஒரு பதில் வரவில்லை. அடித்த மண் ஒரு மலையைச் சுரண்டி எடுத்தது. ஒரு மலையும் போய், ஒரு வயலும் போய், இப்போது ஒவ்வொரு ஐப்பசிக்கும் நான் வாளியால் தண்ணீர் கோரி ரோட்டில் ஊற்றுகிறேன். கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெரியும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

புழு வரும். முட்டைக்கோசுக்கு வருகிற அதே வைரமுதுகுப் பூச்சிதான். காலையில் இலையைத் திருப்பிப் பார்த்துக் கையால் எடுத்தேன், 24 செடிக்கு அது போதும்.

பூ வருவது முதலில் தெரியாது. உள்ளிலைகள் நேராக நிற்காமல் ஒன்றன்மேல் ஒன்று திருகிக்கொள்ளும். அப்போது விரலால் மெதுவாக விலக்கிப் பாருங்கள். எனக்கு மார்கழியில் ஒரு விடியற்காலை, செல்போன் வெளிச்சத்தில், சுண்டைக்காய் அளவில் ஒரு வெள்ளை தெரிந்தது. பக்கத்தில் பேத்தி மட்டும்தான் இருந்தாள், அவளுக்கு ஒரு வயது. அவளைத் தூக்கிக் காட்டினேன். கோழிமுட்டை அளவு வந்ததும் வெளி இலைகளை மேலே சேர்த்து வாழைநாரால் தளர்வாகக் கட்டிவிடுங்கள், வெயில் பட்டால் மஞ்சளாகிவிடும். கட்டிய ஏழெட்டு நாளில் அறுத்துவிடலாம். இன்னும் பெரிதாகட்டும் என்று விடாதீர்கள். நான் ஆசைப்பட்டு விட்ட மூன்று பூ, மாசி வெயிலில் பச்சரிசி தூவியது மாதிரிப் பொரிந்துபோனது.

இப்போது நிற்கிற செடிகளைப் பிடுங்கிவிடுங்கள். இளம் இலை வீணாக வேண்டாம், தேங்காய் போட்டுத் துவரன் (பொரியல்) வைத்தால் நன்றாக இருக்கும். இந்த வாரமே சுண்ணாம்பு போட்டு மண்ணைக் கிளறுங்கள். வெயில் தாங்கும் முன்பருவ ரகம் என்று கேட்டு விதை வாங்குங்கள், வாங்கும் முன் பாக்கெட்டில் ரகத்தின் பெயரைப் பாருங்கள். புரட்டாசி பாதிக்கு மேல் விதைத்தால் ஐப்பசி நடுவில், கன மழை இல்லாத ஒரு சாயங்காலம் பார்த்து நடலாம். வேறு யாரையும் கூப்பிடாதீர்கள், நீங்களே நடுங்கள். நடும்போது நாற்றுக்கு எத்தனை நாள் ஆகியிருக்கிறது என்று இங்கேயே எழுதுங்கள், நான் பார்ப்பேன்.