வானிலை அறிக்கையில் ‘ஓரிரு இடங்களில் மழை’ என்றால் என்ன பொருள்?

சித்திரை வெயிலில், ‘கோவை, ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் வரும் வாரம் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை பெய்யலாம்’ என்ற அறிவிப்பைக் கேட்டதும், நம் ஊரில் பெய்யுமா என்பதே எல்லோருடைய கேள்வியாகவும் இருக்கிறது.

ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் கால் பங்கில் மட்டும் மழை பதிவாகும் என்று எதிர்பார்க்கும்போது, இந்திய வானிலை ஆய்வுத் துறை ‘ஓரிரு இடங்களில்’ என்று குறிப்பிடுகிறது.

கோடை மழை வெப்பச்சலனத்தால் உருவாகிறது. பகல் முழுவதும் சூடேறிய தரையிலிருந்து காற்று மேலெழும்ப, பாலக்காட்டுக் கணவாய் வழியாக அரபிக்கடலின் ஈரக்காற்றும் வந்து சேரும்போது, பிற்பகலுக்குப் பின் இடிமேகங்கள் திரள்கின்றன. ஒவ்வொரு மேகமும் சில கிலோமீட்டர் அகலமே கொண்டது. ஒரு மணி நேரத்திற்குள் பெய்து ஓய்ந்தும் விடலாம். அடுப்பில் உலை கொதிக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம், ஆனால் முதல் குமிழி பானையின் எந்த மூலையில் எழும் என்று சொல்ல இயலாது அல்லவா? அதுபோலத்தான் இதுவும். ஆகவே வார அறிக்கையைப் போக்கை அறியவும், அன்றன்று வெளியாகும் அடுத்த சில மணி நேரத்திற்கான எச்சரிக்கையை வேலையைத் திட்டமிடவும் பயன்படுத்துவதே சரியென்று கருதுகிறேன்.

‘ஓரிரு இடங்களில்’ என்பதைப் பலரும் ‘லேசான மழை’ என்று புரிந்துகொள்கிறார்கள். அது மழையின் பரப்பை மட்டுமே குறிக்கிறது, பெய்யும் அந்த ஓரிடத்தில் குலை தள்ளிய வாழையைச் சாய்க்கும் சூறைக்காற்றும் கனமழையும் வரக்கூடும்.