ஐந்தாவது வருடமும் கெஸ்ட்தானா?

கேள்வி: எனக்கு வயது 36. அரசியல் அறிவியலில் பிஎச்.டி. முடித்துவிட்டு எங்கள் மாவட்டத்து அரசு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். இது ஐந்தாவது வருடம். இரண்டாம் ஷிப்ட். மாதம் 25 ஆயிரம், மே மாதத்துக்குக் கிடையாது. டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறேன், படிக்கத்தான் நேரமே இல்லை. துறைத்தலைவர் நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) வேலையை என் தலையில் கட்டிவிட்டு காலையிலேயே வரச் சொல்கிறார். இப்போது பெங்களூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஒரு வருட ஒப்பந்தத்துக்கு 45 ஆயிரம் தருவதாகக் கூப்பிடுகிறார்கள். கணவருக்கு இங்கே கூட்டுறவு சங்கத்தில் வேலை. மகள் மூன்றாம் வகுப்பு. "அஞ்சு வருஷம் பொறுத்தாச்சு, எப்படியும் பர்மனென்ட் பண்ணிடுவாங்க" என்கிறார் மாமியார். எங்கள் வாட்ஸ்ஆப் குழுவிலும் அதையேதான் சொல்கிறார்கள். போகவா, இருக்கவா?
– பெயர் வேண்டாம், வட மாவட்ட வாசகி

பதில்: மாமியார் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் மற்ற எல்லாமே அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

பொறுத்தால் நிரந்தரம் ஆகும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. 2006-ல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: முறையான தேர்வு வழியாக வராத தற்காலிகப் பணியாளர், பல வருடம் வேலை பார்த்தேன் என்ற ஒரு காரணத்தை மட்டும் வைத்து நிரந்தரம் கேட்க முடியாது. அந்தத் தீர்ப்பையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு, நீண்டகாலம் வேலை வாங்கியவர்களை அரசு கைகழுவக் கூடாது என்று 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது உண்மை. 2025 ஆகஸ்டில் குஜராத் வழக்கு ஒன்று வந்தது, உங்கள் குழுவில் ஆளுக்கொரு ஆடியோ போட்டிருப்பார்கள். அங்கே அரசு பொறியியல் கல்லூரிகளில் 30 ஆயிரத்துக்கு ஒப்பந்தத்தில் இருந்த உதவிப் பேராசிரியர்களுக்கு, அந்தப் பதவிக்குரிய குறைந்தபட்ச ஊதிய நிலையைக் கொடு என்று தீர்ப்பு. நல்ல தீர்ப்புதான், ஆனால் அது சம்பளத்தைப் பற்றியது. நிரந்தரம் என்று அதைப் படித்தால் நம் ஆசையைத்தான் படிக்கிறோம்.

சம்பள வழக்குகளில் சேருங்கள், கையெழுத்துப் போடுங்கள், சந்தா கொடுங்கள். வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50 ஆயிரத்துக்கு மிகாமல் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2019-லேயே சொல்லிவிட்டது, அதில் பாதியை வாங்கிக்கொண்டிருக்கும் நீங்கள் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் உங்கள் வீட்டுத் திட்டத்தை அந்த வழக்கின் மேல் கட்டாதீர்கள். இன்னொன்று. ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்த இடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று யு.ஜி.சி.யின் 2018 விதிமுறையில் ஒரு வரி இருந்தது. 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவில் அந்த வரியையே காணோம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று இதிலிருந்தே தெரியவில்லையா?

அப்போ நிரந்தரத்துக்கு வழி டி.ஆர்.பி. தேர்வுதான். அது எப்படி வரும் என்பதும் உங்களுக்குத் தெரியும். 2013-ல் 1,093 இடம். அப்புறம் ஆறு வருட மௌனம். 2019-ல் 2,331 என்று அறிவித்தார்கள், முடியவே இல்லை. 2024 மார்ச்சில் 4,000 என்றார்கள், ஆகஸ்ட் 4 தேர்வு என்றார்கள், தள்ளிவைத்தார்கள். 2025 அக்டோபரில் 2,708 என்று குறைத்து மறுபடி அறிவித்தார்கள். அதிலும் தமிழ், ஆங்கிலம், கணிதம், வணிகவியலுக்கெல்லாம் நீளமான பட்டியல் இருக்கும். நம் பாடத்தை விரல் வைத்துத் தேட வேண்டியிருக்கும். இருக்கிற கொஞ்ச இடமும் இடஒதுக்கீட்டு இனச்சுழற்சியில் பிரிந்த பிறகு உங்கள் பிரிவுக்கு ஒன்றிரண்டு தேறினால் பெரிது. வரலாற்றுத் துறை இல்லாத அரசுக் கல்லூரியைக் காண்பது கஷ்டம், அரசியல் அறிவியல் இருக்கிற கல்லூரியைத்தான் தேட வேண்டும். இந்தச் சுற்றில் கிடைத்துவிட்டால் இந்தப் பதிலைக் கிழித்துப் போடுங்கள். கிடைக்காவிட்டால் அடுத்த சுற்று எப்போது என்று டி.ஆர்.பி.க்கே தெரியாது. வயது வரம்பு 57 என்பதால் கதவு மூடப்போவதில்லை. அதுவே ஒரு வகையில் ஆபத்து, இன்னும் இருபது வருடம் காத்திருக்கலாம் என்று மனசு சொல்லும்.

சரி, பெங்களூர். கணக்குப் போடுவோம். இங்கே 25 ஆயிரம், 11 மாதம். 12-ஆல் வகுத்தால் மாதம் 23 ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. அங்கே 45 ஆயிரத்தில் ஹாஸ்டல், சாப்பாடு 15 போகும், மாதம் இரண்டு தடவை ஊருக்கு வந்துபோக 3 வையுங்கள், கையில் 27. வித்தியாசம் நாலாயிரம். அந்த நாலாயிரத்துக்கு மகளை வாரக்கணக்கில் பிரிந்திருக்க வேண்டும். இதே 70 ஆயிரம் என்றால், அல்லது மூன்று வருட ஒப்பந்தம் என்றால், பெட்டியைக் கட்டுங்கள் என்றுதான் எழுதியிருப்பேன், மகளைப் பார்த்துக்கொள்ள அப்பாவும் பாட்டியும் இருக்கிறார்கள். முடிவு செய்யுமுன் அந்தப் பல்கலைக்கழகத்தாரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். ஒப்பந்தம் 12 மாதமா, செமஸ்டர் நடக்கிற 10 மாதம் மட்டுமா? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு? எந்தத் துறையில் உட்கார வைப்பார்கள்? மூன்றாவதுதான் முக்கியம். நம் ஆட்களைத் தனியாரில் எடுக்கும்போது பெயருக்கு அரசியல் அறிவியல் என்பார்கள், போய்ப் பார்த்தால் பொறியியல் மாணவர்களுக்குக் கட்டாயப் பாடமாக இருக்கும் 'இந்திய அரசியலமைப்பு'. 120 பேர் உட்கார்ந்திருக்கிற அரங்கத்தில் அதையே ஆறு பிரிவுக்கு ஆறு தடவை எடுக்க வேண்டும். ஒரு வருடம் கழித்து உங்களிடம் மிஞ்சுவது தொண்டை வலி.

என் பதில்: போக வேண்டாம். ஆனால் இப்போது இருக்கிற மாதிரியும் இருக்க வேண்டாம்.

இரண்டாம் ஷிப்ட் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எட்டரைக்கு உட்கார்ந்தால் மதியம் வரைக்கும் நாலு மணி நேரம், வாரத்துக்கு இருபது. உங்கள் வேலையில் உங்களுக்குக் கிடைக்கிற உண்மையான சம்பளம் அந்தக் காலை நேரம்தான். அதைத்தான் ஐந்து வருடமாகத் துறைத்தலைவருக்கு இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மறுத்தால் அடுத்த வருடம் கூப்பிடமாட்டார் என்ற பயம் புரிகிறது, நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். அதனால் முடியாது என்று சொல்லாதீர்கள், அளந்து கொடுங்கள். "சார், நாக் அறிக்கையில க்ரைட்டீரியன் இரண்டை மட்டும் நான் முழுசா முடிச்சுத் தர்றேன், மதியம் வகுப்பு முடிஞ்சு உட்கார்ந்து செய்றேன், காலையில வீட்டுல பிள்ளையை விட ஆள் இல்லை" என்று ஒரே தடவை, சிரித்த முகமாக, சொல்லிவிடுங்கள். பிள்ளையைச் சாக்குச் சொல்வது எனக்கும் பிடிக்காது. ஆனால் படிக்கப் போகிறேன் என்று சொன்னால் அனுமதிக்காதவர்கள் பிள்ளை என்றால் அனுமதிக்கிறார்கள், என்ன செய்வது.

அடுத்தது காகிதம். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், எனக்கே பட்ட அனுபவம். ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் மூன்று வருடம் பாடம் எடுத்தேன், பணி நியமன ஆணை என்று ஒரு தாள்கூட வாங்கவில்லை, கேட்டால் நம்பிக்கை இல்லையா என்பார்கள். பிறகு ஒரு விண்ணப்பத்துக்கு அனுபவச் சான்று தேவைப்பட்டுப் போனபோது முதல்வர் மாறியிருந்தார், செயலாளரும் மாறியிருந்தார், அலுவலகத்தில் சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்கும் பழைய அக்விட்டன்ஸ் நோட்டைக் கரையான் அரித்துவிட்டது என்று ஒரு மூட்டையைத் திறந்தே காட்டினார்கள். மூன்று வருடம், ஒரு மூட்டைத் தூளாக. முந்தைய டி.ஆர்.பி. அறிவிக்கைகளில் அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 15 என்று இருந்தது. என் ஆறு மதிப்பெண் அந்த மூட்டையில் போயிற்று.

ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் தனித்தனியாக அனுபவச் சான்று வாங்குங்கள், சேர்ந்த தேதி, விடுவித்த தேதி, பாடம், ஷிப்ட் எல்லாம் அதில் இருக்கட்டும். அதில் கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநரின் மேலொப்பம் இல்லாவிட்டால் சரிபார்ப்பு மேசையில் அது வெறும் தாள். நியமன ஆணை, கால அட்டவணை, சம்பளம் வரவான வங்கிப் பக்கம், எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போடுங்கள். தேவையான கல்வித் தகுதி பெற்ற பிறகான அனுபவம்தான் கணக்கில் வரும் என்பதையும் பாருங்கள். உங்கள் பிஎச்.டி. யு.ஜி.சி.யின் 2009 அல்லது 2016 விதிமுறைப்படி பெற்றது என்று பல்கலைக்கழகம் தருகிற சான்று கையில் இருக்கிறதா? எம்.ஏ. பட்டத்தில் வெறும் 'அரசியல் அறிவியல்' என்று இருந்தால் பிரச்சினை இல்லை. 'அரசியலும் பொது நிர்வாகமும்', 'பன்னாட்டு உறவுகள்' என்று வால் ஏதாவது நீண்டிருந்தால் இரண்டும் சமம் என்று சொல்லும் இணைத்தகுதி அரசாணை உண்டா என்று இப்போதே தேடி எடுத்துவையுங்கள். தேர்வில் முன்னால் வந்து, பட்டத்தின் பெயரால் வெளியே போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், நம் ஆட்கள் பலர் எட்டிப் பார்க்காத வாசல் ஒன்று இருக்கிறது. ஐந்தாண்டு பி.ஏ., எல்எல்.பி. படிப்பில் அரசியல் அறிவியல் ஒரு பாடம். அதனால் சட்டக் கல்லூரிகளில் ப்ரீ-லா என்ற பெயரில் நமக்கு உதவிப் பேராசிரியர் இடம் உண்டு, அரசு சட்டக் கல்லூரிகளுக்கும் டி.ஆர்.பி.தான் ஆள் எடுக்கிறது. கலைக் கல்லூரி அறிவிக்கைக்கு மட்டும் கண் வைத்திருப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள். நெட் (யு.ஜி.சி.யின் தேசியத் தகுதித் தேர்வு) எழுதவில்லை என்றால் எழுதிவிடுங்கள். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வருவது தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அநியாயம்தான், சண்டை போட வேண்டிய விஷயம்தான், ஆனால் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. காலை இருபது மணி நேரம் கையில் இருந்தால் இரண்டு தேர்வின் பாடப் பகுதிக்கும் சேர்த்துப் படித்துவிடலாம்.

சம்பளம் இல்லாத மே மாதத்துக்கு, உங்கள் ஊரிலேயே குரூப் 2, குரூப் 4 பயிற்சி மையங்களில் 'இந்தியன் பாலிட்டி' எடுக்க ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். ஒரு பேராசிரியருக்கு அது கௌரவக் குறைச்சல் என்று துறையில் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், 'கௌரவ' என்ற சொல்லுக்கு ஐந்து வருடமாக என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். மையத்தில் பேசி வைப்பதை மார்ச்சிலேயே செய்யுங்கள். இந்த வருடத்து அனுபவச் சான்றுக்கு ஏப்ரல் கடைசி வேலைநாளுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள், மே பிறந்துவிட்டால் அலுவலகக் கண்காணிப்பாளர் லீவில் போய்விடுவார், முத்திரை அவர் மேசை இழுப்பறையில்தான் பூட்டிக் கிடக்கும்.