ஒரே வீட்டுக்கு, ஒரே நாளில், சேர்ந்து போங்கள்

அன்பின் அக்கா,
நான் கிளிநொச்சிப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் தாதியியல் படிக்கிறேன். மருத்துவம், தாதியியல், மருந்தகவியல், ஆய்வுகூட விஞ்ஞானம் படிப்பவர்கள் சேர்ந்து கற்க வேண்டும் என்று கருத்தரங்கு வைத்தோம். மருத்துவ மாணவர்கள் எங்களோடு கதைக்கவேயில்லை. அவர்கள் எங்களை மதிப்பதில்லை. இதை எப்படித் திருத்தலாம்? வாசிக்க ஏதும் புத்தகம் சொல்வீர்களா?

தங்கச்சி,

உமது கடிதம் வந்த நேரம் நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கருத்தரங்கை விடும். சான்றிதழ், குழுப்படம் எல்லாவற்றையும் விடும். சேர்ந்து படிப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 1988 இலேயே அறிக்கை வெளியிட்டது. 2010 இல் அதே நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டிச் சட்டகம் இன்னும் தெளிவு: வெவ்வேறு தொழிலுக்குப் படிப்பவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்க வேண்டும். ஒரே மண்டபத்தில் இருத்திவைத்தால் இது நடக்காது.

என் அத்தான் 2009 இல் மாத்தளனில் ஷெல் பட்டவர். முள்ளந்தண்டில் காயம், இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மல்லாவியில் வீட்டோடு இருக்கிறார். படுக்கைப்புண் வந்தபோது அவரின் மனைவி, என் அக்கா, பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தேன். ஒருவர் காற்றடைத்த வளையத்தில் இருத்தச் சொன்னார். அடுத்த கிழமை வேறொருவர், "ஆர் இதை வைக்கச் சொன்னது? வளையம் சுத்தியிருக்கிற சதையை அமத்தி இரத்த ஓட்டத்தைக் குறைக்குமெல்லோ" என்று ஏசினார். அவர் சொன்னதுதான் சரி. ஆனால் ஏச்சு விழுந்தது அக்காவுக்கு. கிளினிக் கொப்பியில் மருந்துப் பெயர்களைத் தவிர ஒன்றும் இல்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டிப் படுக்கவைக்கச் சொல்லி எல்லாரும் சொன்னார்கள். இரவில் ஒருத்தி தனியே அதை எப்படிச் செய்வாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. புண் ஆறப் புரதம் வேணும், முட்டை வாங்கக் காசிருக்கிறதா என்று கேட்டவர் ஊருக்குள் வந்துபோகிற குடும்பநல உத்தியோகத்தர் மட்டும்தான். அவர் கண்டது வைத்தியரின் காதுக்குப் போகவே இல்லை.

வன்னியில் இப்படி எத்தனையோ வீடுகள். நாலு துறைப் பிள்ளைகளும் ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் போங்கள், படிப்பிக்கிறவர்களும் கூட வரட்டும். புண்ணைச் சேர்ந்து பாருங்கள். எந்தச் சோதனை எதற்கு என்று ஆய்வுகூடப் பிள்ளை சொல்ல, மருத்துவப் பிள்ளை கேட்கட்டும். வீட்டுக்காரிக்கு என்ன சொல்வது என்பதில் ஒத்துவராவிட்டால் முற்றத்தில் நின்று சண்டை பிடியுங்கள். முடிவை ஒரே கொப்பியில் எழுதிக் கொடுங்கள், அவளை நடுவில் விடாதீர்கள். புள்ளியும் நாலு பேருக்கும் சேர்த்தே போடட்டும். சித்த மருத்துவம் படிப்பவர்களையும் விடவேண்டாம். முறிவு நெரிவு என்றால் எங்கள் சனம் அந்தப் பக்கமும் போகிறதுதானே.

மருத்துவ மாணவர்கள் மதிப்பதில்லை என்கிறீர். இருக்கலாம். ஆனால் உமது கடிதத்தில் குடும்பநல உத்தியோகத்தரைப் பற்றி ஒரு வரி இல்லை, வீட்டில் வைத்துப் பார்க்கிற பெண்களைப் பற்றியும் இல்லை. உம்மை ஆர் பார்க்கவில்லை என்று கணக்கு வைத்திருக்கிறீர், நீர் ஆரைப் பார்க்கவில்லை என்று யோசித்தீரா? கோபிக்காதையும். இரவில் ஒரு நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கப் போகிற பிள்ளை நீர், அதனால்தான் உம்மிடம் சொல்கிறேன்.

புத்தகம் பற்றிப் பிறகு எழுதுகிறேன். மாங்குளம் பக்கம் பயிற்சிக்கு வருவதென்றால் முதலே அறிவியும். அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன், அவ ஓமென்றால் அந்த வீட்டிலேயே தொடங்கலாம்.